தசையும் சர்க்கரையும்

மதுரைச் சீமையிலும் நெல்லைச் சீமையிலும் உள்ள பல ஊர்களில், கோயிலின் முன்போ மந்தையிலோ உருண்டையான பெருங்கல் ஒன்று கிடப்பதை நீங்கள் பார்த்திருக்கலாம். இளவட்டக்கல் என்பது அதன் பெயர். அதைத் தரையிலிருந்து பெயர்த்து, முழங்காலுக்கு ஏற்றி, மார்புக்குக் கொண்டுவந்து, தோளின் வழியே பின்புறம் தள்ளிவிடும் இளைஞனே பெண் கொடுக்கத் தக்கவன் என்று முன்னாளில் கருதினார்களாம். கல்லைத் தூக்குகிறவனுடைய புயத்தைத்தான் ஊரார் பார்த்தார்கள். அந்த வேளையில் அவனுடைய இரத்தத்தில் என்ன நடக்கிறது என்று எவரும் கேட்கவில்லை. கேட்கவேண்டிய தேவையும் அவர்களுக்கு இல்லை. எனக்கு அந்தத் தேவை 18-ஆவது வயதில் வந்தது.

நான் கல்லூரியில் பௌதிகம் கற்பிக்கிறவன், மருத்துவன் அல்லன். 1987-ஆம் ஆண்டு முதல் நீரிழிவோடு வாழ்ந்து வருகிறவன் என்ற ஓர் உரிமையைக் கொண்டே இன்று உங்களோடு பேசத் துணிந்தேன். அவ்வாண்டுக் கோடையில், தீராத தாகமும் ஓயாத சிறுநீரும் என்னைப் பிடித்தன. இரண்டே மாதத்தில் 11 கிலோ எடை குறைந்தேன். என் கணையம் இன்சுலின் சுரப்பதை நிறுத்திவிட்டது என்று மருத்துவர் கூறினார். அன்று தொடங்கிய ஊசி இன்னும் நிற்கவில்லை.

அடுத்த ஆண்டு கல்லூரி விடுதியில் சேர்ந்தேன். விடுதிக்குப் பின்னால் ஓடு வேய்ந்த தேகப்பயிற்சிக் கூடம் ஒன்று இருந்தது. இரண்டு பார்பெல்கள், துருவேறிய இரும்புத் தட்டுகள், ஒரு மரப்பலகை, சுவரோரமாகச் சில கர்லாக் கட்டைகள்; அவ்வளவுதான் அதன் செல்வம். இழந்த உடம்பை எப்படியாவது மீட்டுவிட வேண்டும் என்ற ஆசையால் ஒரு நாள் மாலை அங்கே புகுந்தேன். ஒரு மணி நேரம், முறை தெரியாமல், மூச்சு முட்ட முட்டப் பளு தூக்கினேன்.

விரல் நுனியில் ஒரு சொட்டு இரத்தம் எடுத்து, சில நொடிகளில் சர்க்கரையை அளந்து சொல்லும் கருவி அக்காலத்தில் எங்களைப் போன்றவர்களின் கைக்கு எட்டவில்லை. சோதனைக் குழாயில் பெனடிக்ட் கரைசலை ஊற்றி, அதில் 8 சொட்டுச் சிறுநீர் விட்டுக் கொதிக்க வைப்போம். கரைசல் நீலமாகவே இருந்தால் சர்க்கரை இல்லை. பச்சை, மஞ்சள், ஆரஞ்சு, செங்கல் நிறம் என்று ஏற ஏறச் சர்க்கரை மிகுதி என்பது கணக்கு. கூடத்துக்குப் போகும் முன்னர் என் குழாய் பச்சையாக இருந்தது. திரும்பி வந்து பார்த்தபோதோ நல்ல ஆரஞ்சு! உழைத்த பிறகு சர்க்கரை குறைந்திருக்க வேண்டும் அல்லவா? கூடியிருக்கிறதே என்று எரிச்சலுற்று, வழக்கமான அளவுக்கு மேல் 4 யூனிட் இன்சுலினைச் சேர்த்துப் போட்டுக்கொண்டேன், உண்டேன், உறங்கினேன்.

பின்னிரவில் என் அறைத் தோழன் ஏதோ முனகல் கேட்டு விழித்திருக்கிறான். என் படுக்கை வியர்வையில் நனைந்து கிடந்ததாம். பெயர் சொல்லி அழைத்ததற்கு நான் பொருளற்ற விடை ஏதோ சொன்னேனாம். அவன் கிராமத்துப் பிள்ளை. மருத்துவ அறிவு ஏதும் இல்லாதவன். ஆயினும், 'எனக்கு இப்படி நேர்ந்தால் சர்க்கரை கொடு' என்று முதல் நாளே நான் சொல்லி வைத்திருந்ததை அவன் மறக்கவில்லை. விழுங்கும் நிலையில் நான் இருப்பதைப் பார்த்துக்கொண்டு, சர்க்கரைத் தண்ணீரைச் சிறிது சிறிதாகப் புகட்டினான். கால் மணி நேரத்தில் எனக்கு உலகம் திரும்பி வந்தது.

மறுநாள் செய்தி பரவிற்று. பயிற்சிக் கூடத்துக்குப் பொறுப்பாளராக இருந்தவர் என்னை அழைத்து, "சர்க்கரை வியாதிக்காரனுக்குப் பளு எதற்கு? நிழலில் உட்கார்ந்து படி" என்று சொல்லிக் கதவை அடைத்தார். அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை; பயத்தில் சொன்னார். அந்தப் பயத்துக்கு நானும் இணங்கி, ஏறக்குறைய 10 ஆண்டுகள் ஓர் இரும்புத் துண்டையும் தொடாமல் இருந்தேன். அன்றிரவு நடந்தது பளுவின் குற்றமன்று, என் அறியாமையின் குற்றம் என்பதைப் பிற்பாடு படித்துத்தான் உணர்ந்தேன். எங்கே தவறினேன் என்பதை விளக்க வேண்டுமானால், முதலில் உடலில் சர்க்கரை எங்கே இருக்கிறது என்பதைப் பார்க்க வேண்டும்.

வளர்ந்த மனிதனின் உடலில் சுமார் 5 லிட்டர் இரத்தம் ஓடுகிறது. நோயற்றவரின் இரத்தத்தில், உணவுக்கு முன்பு, ஒவ்வொரு 100 மில்லிலிட்டருக்கும் 100 மில்லிகிராமுக்கு உட்பட்ட குளுகோஸ் இருக்கும். கணக்குப் போட்டுப் பாருங்கள்: உடல் முழுவதும் ஓடும் இரத்தத்தில் கரைந்துள்ள குளுகோஸ் 5 கிராம்கூட இல்லை. ஒரு தேக்கரண்டி! நடுப்பகலில் நாம் உண்ணும் ஒரு தட்டுச் சோற்றிலிருந்து இதைப்போல் பத்துப் பதினைந்து மடங்கு குளுகோஸ் இரத்தத்தில் வந்து இறங்குகிறது. அவ்வளவும் எங்கே போகிறது? இரத்தத்திலேயே தங்கினால் ஆளைக் கொன்றுவிடுமே!

அது குதிர்களுக்குப் போகிறது. உழவர் வீட்டில் நெல்லைக் கொட்டி வைப்பது போல, உடல் தன் குளுகோஸை ஒன்றோடொன்று கோத்து, கிளைகோஜன் என்னும் பொருளாக்கிச் சேமிக்கிறது. இரண்டு குதிர்கள் உண்டு. ஒன்று கல்லீரல், அதில் சுமார் 100 கிராம் கொள்ளும். மற்றொன்று எலும்பைப் போர்த்தியிருக்கும் தசைகள். அவற்றில் எல்லாமாகச் சுமார் 400 கிராம் கொள்ளும். இரண்டுக்கும் ஒரு முக்கியமான வேறுபாடு உண்டு. கல்லீரல் என்ற குதிர் ஊருக்குப் பொதுவானது. இரத்தத்தில் சர்க்கரை குறையும்போது அது தன் சேமிப்பைக் கரைத்து வெளியே விடும். தசை என்ற குதிருக்கோ உள்ளே போக வழியுண்டு. வெளியே வர வழியில்லை. சேமித்த குளுகோஸை மீண்டும் இரத்தத்தில் விடுவதற்கு வேண்டிய நொதி தசையில் கிடையாது. தசைக்குள் போனது தசையின் உழைப்பிலேயே செலவாக வேண்டும். உழைக்காதவனுடைய குதிர் நிறைந்தே கிடக்கும். நிறைந்த குதிரில் மேலும் நெல்லைக் கொட்ட இயலாது என்பதை யாவரும் அறிவர். இன்சுலினின் ஏவலால் இரத்தத்தை விட்டு நீங்கும் குளுகோஸில் பெரும்பங்கு தசைக்குத்தான் போகிறது. ஆகவே, தசையைப் பற்றிப் பேசாமல் நீரிழிவைப் பற்றிப் பேசுவது, ஏரியை விட்டுவிட்டு வெள்ளத்தைப் பற்றிப் பேசுவது போலாகும்.

இனி, இந்தக் குதிரின் கதவைத் திறப்பது யார்? இன்சுலின் என்று நீங்கள் பள்ளியில் படித்திருப்பீர்கள். அது உண்மையே, ஆனால் முழு உண்மை அன்று. தசையின் உயிரணுவுக்குள்ளே, குளுகோஸை ஏற்றிச் செல்லும் புரதங்கள் சிறு பைகளில் அடங்கிக் கிடக்கின்றன. குளூட்-4 என்று அவற்றுக்குப் பெயர். 1980-களின் இறுதியில் இவை இனங்காணப்பட்டன. இன்சுலின் வந்து உயிரணுவின் புறத்தே தட்டினால், இவை உள்ளிருந்து எல்லைச் சுவருக்கு நகர்ந்து வந்து, குளுகோஸை உள்ளே ஏற்றுகின்றன. இஃது ஒரு வழி. மற்றொரு வழியும் உண்டு: தசை சுருங்கினாலே போதும், இன்சுலினுடைய தயவை எதிர்பாராமல் அதே புரதங்கள் எல்லைக்கு வந்துவிடும். இரண்டாம் வகை நீரிழிவுள்ளவரிடத்தில் கெட்டுப்போவது முதல் வழி. இரண்டாவது வழி அவரிடத்திலும் பழுதில்லாமல் இருக்கிறது. இதை முதன்முதலாகப் படித்த நாளில், பத்தாண்டுகளாக அடைத்துக் கிடந்த அந்த ஓட்டுக் கட்டடத்தின் கதவுதான் என் நினைவுக்கு வந்தது.

உழைப்பு நீரிழிவுக்கு நல்லது என்ற கருத்தோ மிகப் பழையது. சுசுருத சங்கிதை, நீரிழிவு கண்டவர்களுக்கு நெடுந்தூர நடை, மல்யுத்தம் முதலியவற்றோடு, கிணறு வெட்டுவதையும் மருந்தாகச் சொல்லுகிறது. கிணறு வெட்டுகிறவன் கடப்பாரையை ஓங்குகிறான், மண் கூடையைத் தலைக்கு ஏற்றுகிறான், படியேறுகிறான். இது பளுப் பயிற்சி அல்லாமல் வேறென்ன? ஊருக்கும் தண்ணீர் கிடைத்துவிடுகிறது! இக்காலப் பயிற்சிக் கூடங்களில் அந்த இலாபம் இல்லை.

இன்சுலின் வந்த பிறகு இந்தக் கதை புதிய திருப்பம் கொண்டது. 1921-ஆம் ஆண்டு கனடாவின் டொராண்டோ நகரில் பான்டிங்கும் பெஸ்டும் நாயின் கணையத்திலிருந்து அதைப் பிரித்தெடுத்ததும், 1922 ஜனவரியில் லியனார்டு தாம்ஸன் என்ற 14 வயதுச் சிறுவனுக்கு முதன்முதலாகச் செலுத்தியதும் நீங்கள் அறிந்தவை. இலண்டனில் ஆர். டி. லாரன்ஸ் என்ற மருத்துவர் இருந்தார். அவரும் நீரிழிவு நோயாளி. சாகும் தறுவாயில் இருந்தவர் 1923-இல் இன்சுலினால் பிழைத்தார். பிழைத்தவர் சும்மா இருக்கவில்லை. இன்சுலின் போட்டுக்கொண்டு உழைத்தால் என்ன ஆகிறது, உழைக்காமல் இருந்தால் என்ன ஆகிறது என்பதைத் தம் உடம்பிலேயே சோதித்தார். உழைப்போடு சேரும்போது அதே அளவு இன்சுலின் சர்க்கரையை வேகமாகவும் ஆழமாகவும் இறக்குகிறது என்று கண்டு, 1926-இல் அதை வெளியிட்டார். நான் விடுதியில் மயங்கிக் கிடந்ததற்கு 60 ஆண்டுகளுக்கு முன்பே அச்சேறிய உண்மை அது! அறிவு அச்சில் இருப்பது வேறு; வேண்டியவனிடத்தில் வந்து சேர்வது வேறு.

இப்பொழுது அன்றைய இரவைப் பிரித்துப் பார்ப்போம். ஓட்டத்தைப் போலவோ நடையைப் போலவோ பளு தூக்குதல் இரத்தச் சர்க்கரையை உடனே இறக்குவதில்லை. கடும் பளுவைத் தூக்கும்போது அட்ரினலின் முதலிய சுரப்புகள் பெருகுகின்றன. அவை கல்லீரல் குதிரைத் திறந்துவிடுகின்றன. கணையம் செம்மையாக உள்ளவருக்கு உடனே இன்சுலின் சுரந்து அதைச் சமன் செய்யும். எனக்கு அதற்கு வழியில்லை. ஆகையால் சர்க்கரை சற்று நேரம் ஏறியது. என் குழாய் ஆரஞ்சாக மாறியதற்குக் காரணம் அதுவே. மேலும், இரத்தச் சர்க்கரை சுமார் 180-ஐத் தாண்டினால்தான் சிறுநீரில் இறங்கும். இறங்கிய சிறுநீரும் சில மணி நேரத்துக் கதையைத்தான் சொல்லும். தானாகவே தணிந்திருக்கக்கூடிய அந்த ஏற்றத்தைக் கண்டு மிரண்டு, மேலும் இன்சுலினைச் செலுத்தினேன். இரவிலோ, உழைத்துக் காலியான தசைகள் தம் குதிரை நிரப்பத் தொடங்கின. உழைப்புக்குப் பிறகு 24 மணி முதல் 48 மணி வரையில் தசைகள் இன்சுலினுக்கு வழக்கத்தைக் காட்டிலும் மிகுதியாக இணங்கி நடக்கும். கூடுதல் இன்சுலின் ஒருபுறம் தள்ள, பசித்த தசைகள் மறுபுறம் இழுக்க, இரத்தத்தில் இருந்த அந்த ஒரு தேக்கரண்டிச் சர்க்கரை என்ன ஆகும்?

2012, 2013 ஆகிய ஆண்டுகளில் கனடாவிலிருந்து வெளியான ஆராய்ச்சிகள் இதைத் தெளிவாக்கின. முதல் வகை நீரிழிவுள்ள 12 பேரை ஒரு நாள் 45 நிமிடம் ஓடச் செய்தார்கள்; வேறொரு நாள் அதே 45 நிமிடம் பளு தூக்கச் செய்தார்கள். ஓடிய நாளில் சர்க்கரை அப்போதே சடசடவென்று இறங்கியது. பளு தூக்கிய நாளில் அப்போதைய இறக்கம் குறைவு. ஆனால் அதன் பயன் பின்னர் நெடுநேரம் நீடித்தது. இரண்டையும் ஒரே நாளில் செய்வதானால், பளுவை முன்னும் ஓட்டத்தைப் பின்னும் வைத்தபோது ஓடும் வேளையில் சர்க்கரை தாழ்வது குறைந்தது. 12 பேர் என்பது சிறிய எண்தான். அதிலிருந்து பெரிய சட்டம் இயற்றக்கூடாது. ஆனால் என் சொந்த உடம்பு இதற்குச் சாட்சி சொல்லுகிறது. இன்று என் புயத்தில் ஒட்டியிருக்கும் உணர்கருவி சில நிமிடங்களுக்கு ஒருமுறை சர்க்கரையைக் காட்டிக்கொண்டே இருக்கிறது. மாலையில் பளு தூக்கினால் 140-லிருந்து 175 வரை ஏறுவதையும், ஒரு மணி நேரம் கழித்துத் தானே இறங்குவதையும், பின்னிரவில் மேலும் சாய்வதையும் கோடாகவே பார்க்கிறேன். ஏற்றத்தைக் கண்டு இப்போது நான் மிரளுவதில்லை. அத்தகைய நாள்களில், மருத்துவரின் ஆலோசனைப்படி, இரவு இன்சுலினைச் சிறிது குறைத்துக்கொள்ளுகிறேன்.

இதுகாறும் முதல் வகையைப் பற்றிச் சொன்னேன். நம் நாட்டில் பெரும்பாலோருக்கு வருவது இரண்டாம் வகை. 2023-இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு, நாட்டில் நீரிழிவுள்ளோர் 10 கோடிக்கு மேற்பட்டவர் என்று மதிப்பிட்டது. இவர்களில் பருத்தவர் மட்டுமே இருக்கிறார்கள் என்று நினைத்துவிடாதீர்கள். இங்கே ஒரு சுவையான செய்தி உண்டு. புனே நகரத்து மருத்துவர் யாஜ்னிக் என்பவரும், இலண்டன் மருத்துவர் யுட்கின் என்பவரும் அருகருகே நின்று எடுத்துக்கொண்ட ஒரு படத்தை 2004-இல் ஒரு மருத்துவ இதழில் வெளியிட்டார்கள். உயரத்துக்கும் எடைக்கும் உள்ள விகிதத்தைக் காட்டும் எண் இருவருக்கும் ஒன்றே: 22.3. பார்வைக்கு இருவரும் மெலிந்தவர்களே. ஆனால் உடலிலுள்ள கொழுப்பை அளந்தபோது, ஆங்கிலேயருக்கு 9.1 விழுக்காடு, நம்மவருக்கு 21.2 விழுக்காடு! ஒரே எடை, ஒன்றில் தசை மிகுதி, மற்றொன்றில் கொழுப்பு மிகுதி. தராசுக்கு இந்த வேறுபாடு தெரியாது. ஆங்கிலேயர் நெடுந்தூர ஓட்டக்காரர் என்பதையும் சொல்லிவிட வேண்டும். இந்தியர் பலருக்கு மெல்லிய தோற்றத்துக்குள்ளே சிறிய குதிரும் பெரிய வயிறும் அமைந்திருக்கின்றன.

என் தந்தையார் அப்படிப்பட்டவர். 56-ஆவது வயதில் அவருக்கு இரண்டாம் வகை நீரிழிவு வந்தது. அவர் சோம்பேறி அல்லர். விடியற்காலையில் எழுந்து கண்மாய்க் கரையில் 4 கிலோமீட்டர் நடப்பார். நடை வீண் என்று எவரும் சொல்ல வேண்டாம். சென்னையில் நடந்து, 2006-இல் வெளியான ஆராய்ச்சி ஒன்றில், நீரிழிவின் வாயிலில் நின்ற 531 பேரை மூன்று ஆண்டுகள் கவனித்தார்கள். வழக்கம்போல் வாழ்ந்தவர்களில் நூற்றுக்கு 55 பேர் நோய்வாய்ப்பட்டார்கள். உணவைத் திருத்தி, நடையைக் கூட்டியவர்களில் 39 பேரே நோயுற்றார்கள். எனினும் தந்தையாருக்கு எழுபதை நெருங்கும்போது, நடை குறையாதிருந்தும் சர்க்கரை ஏறிவந்தது. தொடைகள் மெலிந்தன, தோள்கள் இறங்கின. பந்தியில் சம்மணமிட்டு உட்கார்ந்தால், எழுவதற்கு ஒரு கையைத் தரையிலும் மறு கையை என் தோளிலும் ஊன்ற வேண்டியிருந்தது. அவருடைய குதிர் சிறுத்துக்கொண்டே வந்தது என்பதை அப்போதுதான் கண்டுகொண்டேன். வயது ஏறும்போது தசை தானே கரையும். கட்டுப்படாத நீரிழிவு அந்தக் கரைவை விரைவுபடுத்தும்.

"அப்பா, கொஞ்சம் பளு தூக்கிப் பாருங்கள்" என்றேன். "இந்த வயதில் நான் பயில்வான் ஆகவேண்டுமா?" என்று சிரித்தார். பயில்வான் ஆகவேண்டாம், நாற்காலியிலிருந்து கை ஊன்றாமல் எழுந்தால் போதும் என்று சொன்னேன். மருத்துவரிடம் காட்டி, கண்ணையும் இதயத்தையும் பாதங்களையும் சோதித்துக்கொண்டு தொடங்கினோம். முதல் பதினைந்து நாள் நாற்காலியில் உட்கார்ந்து எழுவது மட்டும்: 8 முறை, ஓய்வு, மறுபடியும் 8 முறை. பிறகு சுவரில் கை ஊன்றித் தண்டால். பிறகு ஒரு லிட்டர்ப் புட்டிகள் இரண்டில் தண்ணீர் நிரப்பித் தோளுக்கு மேல் உயர்த்துவது. அது எளிதானபோது தண்ணீருக்குப் பதிலாக ஆற்று மணல். மணல் தண்ணீரைவிட ஒன்றரை மடங்குக்கு மேல் கனமல்லவா? பௌதிக ஆசிரியனுக்கு இந்தச் சிறு உபாயம்கூடத் தோன்றாவிட்டால் எப்படி!

சுமையைச் சிறிது சிறிதாக ஏற்றிக்கொண்டே போவதில்தான் இந்தப் பயிற்சியின் இரகசியம் முழுவதும் அடங்கியிருக்கிறது. தினமும் கன்றுக்குட்டியைத் தூக்கித் தூக்கி, அது காளையான பின்பும் தூக்கினான் என்று மைலோ என்ற கிரேக்க மல்லனைப் பற்றிக் கதை உண்டு. அதைக் கதையென்று தள்ளினாலும், இரண்டாம் உலகப்போரில் காயமுற்ற வீரர்களுக்கு டிலார்ம் என்ற அமெரிக்க மருத்துவர் அதே முறையில் பளுவை ஏற்றி ஏற்றிப் பயிற்சி அளித்து, 1945-இல் வெளியிட்ட முடிவுகளைத் தள்ள முடியாது. சுமை ஏறாத பயிற்சியில் தசை வளர்வதை நிறுத்திக்கொள்ளும். மிக விரைவில் ஏற்றினாலோ மூட்டும் முதுகும் முறையிடும்.

தந்தையார் வாரத்தில் திங்கள், வியாழன் என்று இரண்டு நாள் செய்தார், நடையையும் விடவில்லை. ஆறு மாதத்தில், மூன்று மாதச் சராசரியைக் காட்டும் ஹெச்.பி.ஏ.1சி சோதனையில் 8.4 என்றிருந்தது 7.7 ஆயிற்று, மாத்திரை மாறவில்லை. ஒரு மனிதருடைய கணக்கை நம்பி முடிவு செய்யக்கூடாது என்பதற்காகவே இன்னோர் ஆராய்ச்சியைச் சொல்லுகிறேன். 2007-இல் கனடாவில், இரண்டாம் வகை நீரிழிவுள்ள 251 பேரை நான்கு குழுக்களாகப் பிரித்தார்கள். ஒரு குழு ஓட்டமும் மிதிவண்டியும், ஒரு குழு பளு, ஒரு குழு இரண்டும், ஒரு குழு ஒன்றுமில்லை. 22 வாரங்களுக்குப் பிறகு, ஒன்றும் செய்யாதவரோடு ஒப்பிட்டால் ஓடியவருக்கு அந்த எண் 0.51-உம், பளு தூக்கியவருக்கு 0.38-உம் குறைந்திருந்தன. இரண்டையும் செய்தவர்களுக்கோ, ஓட்டம் மட்டும் செய்தவரினும் மேலும் 0.46 குறைந்திருந்தது. அவர்கள் செலவிட்ட நேரமும் கூடுதல்தான் என்பதை மறக்கக்கூடாது. ஆயினும், 'நடையா பளுவா' என்று பட்டிமன்றம் நடத்துவது வீண் வேலை என்பது இதனால் விளங்கும். இன்று மருத்துவர்கள் வாரத்துக்கு 150 நிமிடமாவது நடையோ அதையொத்த உழைப்போ வேண்டும் என்றும், அதோடு அடுத்தடுத்து வராத இரண்டு மூன்று நாள் பளுப் பயிற்சியும் வேண்டும் என்றும் கூறுகிறார்கள்.

மாணவர்கள் செய்யும் பெரும்பிழை ஒன்றைக் குறிப்பிட வேண்டும். பளுவைத் தூக்கும்போது மூச்சை அடக்கிக்கொண்டு முக்குகிறார்கள். 1985-இல் கட்டுடல் வீரர் ஐவரின் தமனியில் நேராகக் கருவி பொருத்திப் பார்த்த ஆராய்ச்சி ஒன்று, கால்களால் பெரும்பளுவை உந்தும்போது இரத்த அழுத்தம் சராசரியாக 320-க்கு 250 வரை உயர்ந்ததைக் காட்டிற்று. நலமான நாளம் சில நொடிகள் இதைத் தாங்கிக்கொள்ளும். நீரிழிவால் கண்ணின் விழித்திரையில் மெல்லிய புதுநாளங்கள் முளைத்திருப்பவருக்கு அவை கிழிந்து பார்வையே போகலாம். ஆகவேதான் கண்ணைச் சோதிக்காமல் பளுவைத் தொடாதீர்கள் என்கிறேன். தூக்கும்போது மூச்சை வெளியே விடுங்கள். இறக்கும்போது உள்ளே இழுங்கள். பேச முடியாத அளவுக்கு முக்க வேண்டியிருந்தால், அந்தப் பளு உங்களுக்கு உரியதன்று. பாதத்தில் உணர்ச்சி குறைந்தவர்கள் வெறுங்காலோடு இரும்புத் தட்டுகளின் நடுவே நிற்கக்கூடாது என்பதைச் சொல்லவும் வேண்டுமோ?

இன்சுலின் போடுகிறவர்களுக்கும், சுரப்பைத் தூண்டும் கிளிபென்கிளமைடு, கிளிமெபிரைடு போன்ற மாத்திரைகளை உண்பவர்களுக்கும் இன்னும் சில சொற்கள். பயிற்சிக்கு முன் அளந்து பாருங்கள். 90-க்குக் கீழே இருந்தால் முதலில் ஏதேனும் உண்ணுங்கள். இரண்டு வாழைப்பழம் போதும். 250-க்கு மேலே இருந்தால், அதிலும் முதல் வகைக்காரரானால், கீடோன் சோதனை செய்து பாருங்கள். கீடோன் இருந்தால் அன்று பயிற்சி வேண்டாம். அப்போது உடலில் இன்சுலினே போதாமல் இருக்கிறது என்று பொருள். உழைப்பு அதைச் சீர்செய்யாது, இன்னும் கெடுக்கும். தொடையில் ஊசி போட்ட உடனே காலுக்குப் பயிற்சி கொடுத்தால் மருந்து விரைவாக உறிஞ்சப்பட்டுவிடும். அத்தகைய நாளில் வயிற்றில் போடுவது நலம். பயிற்சியின் நடுவே கை நடுங்கி, வியர்த்து, காரணமில்லாமல் கோபம் வந்தால், இரும்பைக் கீழே வைத்துவிட்டு அளந்து பாருங்கள். 70-க்குக் கீழே போயிருந்தால் 15 கிராம் சர்க்கரையோ குளுகோஸோ உண்டு, 15 நிமிடம் கழித்து மறுபடி அளக்க வேண்டும். மெட்பார்மின் மட்டும் உண்பவர்களுக்கு இந்த அச்சம் பெரும்பாலும் இல்லை.

விடுதியில் இருக்கும் மாணவர்கள் தம் அறைத் தோழரிடம் இதை மறைக்கக்கூடாது. மறைக்கிற பிள்ளைகள் பலரை நான் பார்த்திருக்கிறேன். அதிலும் பெண் பிள்ளைகள், திருமணப் பேச்சைக் கருதி, குளியலறையில் ஒளிந்து ஊசி போட்டுக்கொள்ளுகிறார்கள். அவர்களை நான் குறை கூற மாட்டேன்; அப்படி மறைக்கச் செய்கிற நம்மைத்தான் குறை கூற வேண்டும். ஆனால் ஒரே ஒரு தோழிக்காவது தெரிந்திருக்கட்டும். சர்க்கரை எந்தப் பெட்டியில் இருக்கிறது என்பதை அவளுக்குக் காட்டி வையுங்கள். விழுங்க முடிகிற நிலையில் இருந்தால் சர்க்கரைத் தண்ணீர் கொடுக்கச் சொல்லுங்கள். நினைவு முற்றும் தப்பியிருந்தால் வாயில் எதையும் ஊற்றக்கூடாது. அது மூச்சுக்குழலில் இறங்கிவிடும். அப்போது ஒருக்களித்துப் படுக்கவைத்து, 108-க்குத் தொலைபேசியில் சொல்ல வேண்டும். என் அறைத் தோழன் இப்போது தேனி மாவட்டத்தில் வாழைத் தோட்டம் வைத்திருக்கிறான். ஆண்டுக்கு ஒருமுறை அவனைப் பார்க்கப் போகும்போது, வாழைத்தாரைத் தோளில் ஏற்றி வண்டிக்குக் கொண்டுபோக நானும் கை கொடுப்பதுண்டு. ஏற்றுவதற்கு முன், "அளந்து பார்த்தாயா?" என்று அவன் இன்றைக்கும் கேட்கிறான்.